சட்டை போட்ட தலையணை

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நல்ல தூக்கம் ஏன் வேண்டும் என்று பெற்றோர்களுக்கு எடுத்துச் சொல்லும்படி போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பேச்சைத் தயார் செய்வதற்காக முந்தின ராத்திரி இரண்டரை மணி வரை விழித்திருந்தேன். மறுநாள் மேடையில், தலைமையாசிரியை என்னை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் தூங்கிப்போனேன். எனக்குச் சால்வை போர்த்தினார்களாம். தெரியாது. தெரிந்திருந்தால் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு என்னை யாரும் எழுப்பவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று சொல்வதற்குத் தலகாணி அண்ணாச்சியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாபநாசத்தில் இறங்கிக் கடலில் போய்ச் சேர்வதற்குள் தாமிரபரணி எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருக்கும். கோயில் கட்டினவர்கள், கோர்ட்டுக்குப் போனவர்கள், அல்வா தின்றே சொத்தை அழித்தவர்கள். ஆனால், தூங்குகிறவனுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதரை அது பேட்டையில்தான் பார்த்தது. அந்த மனிதர் எங்கள் காலனிப் பிள்ளைகளைப் பெருமாள்புரத்திலிருந்து டவுனில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி. பன்னிரண்டு பிள்ளைகள். அதில் ஆறாம் வகுப்பு படித்த என் மகள் கயலும் ஒருத்தி.

மற்ற டிரைவர்கள் முன்னால் பிள்ளையார் வைத்திருப்பார்கள். இவர் பக்கத்து சீட்டில் ஒரு தலையணை வைத்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தலையணை சட்டை போட்டிருந்தது. நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டிருப்பார். இடது பக்கம் பையும் உண்டு. ஒரு நாள் நான் அந்தத் தலையணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பார்த்தேன்.

"அங்கன ஆள் இருக்கு வே. பொறத்த போயி உக்காரும்" என்றார்.

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி சட்டை?"

"மார்கழியில குளிரும்லா?"

அதற்கு மேல் அவரிடம் பதில் பெயராது.

அவருடைய சட்டதிட்டங்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம். காலை ஐந்தரை மணிக்கு போன்.

"சார், இன்னைக்கு வண்டி வராது."

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு என்னாச்சு?"

"வண்டிக்கு என்ன, கல்லு மாதிரி நிக்குது. எனக்குத்தான் ராத்திரி ஒறக்கம் இல்ல. பக்கத்து வீட்டுல சடங்கு. விடிய விடிய மைக்செட்டு."

"தூக்கம் இல்லைன்னா லீவா?"

"பிரேக்கு பிடிக்கலைன்னா வண்டிய எடுன்னு சொல்லுவீரா? அதே கதைதான் வே."

போனை வைத்துவிட்டார். இதை அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லவே இல்லை. டயர் பஞ்சர் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் பன்னிரண்டு ஸ்கூட்டரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலத்து நெரிசலில் ஒருவரையொருவர் பார்த்து அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே போனோம்.

வண்டி வருகிற நாட்களில் வேறு தொல்லை. ஏறுகிற பிள்ளையைப் படியிலேயே நிறுத்தி, குனிந்து, கண்ணுக்குள் பார்ப்பார். கண்புரைக்குப் பார்க்கிற டாக்டர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார். பார்த்து முடித்தால் விசாரணை பிள்ளைக்கு இல்லை, வாசலில் நிற்கிற நமக்கு.

"ராத்திரி எத்தனை மணிக்கு வே பிள்ளையப் படுக்கப் போட்டீரு?"

"பத்து இருக்கும்."

"பத்தா?"

"பத்துக்கு மேல..."

"மேலன்னா?"

"பதினொண்ணரை." மகள்தான் காட்டிக்கொடுத்தாள். "அப்பா போன் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நானும் பக்கத்துல இருந்து பாத்தேன் மாமா."

"வே, வெண்டிக்காய்க்கு நுனிய ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குதீரு. பெத்த பிள்ள மூஞ்சிய ஒரு நாளு பாக்கக்கூடாதா? கண்ணுக்குக் கீழ மை அப்பின மாதிரி இருக்கு. இதுகிட்டப் போயி கணக்கு தப்பு, கணக்கு தப்புன்னு கத்துவீரு. கணக்கா தப்பு? ஒறக்கம்லா தப்பு!"

இதெல்லாம் காலை ஏழே காலுக்கு, எதிர்வீட்டம்மா கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்க்க, நடுத்தெருவில். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்த வருஷம் கயலுக்குக் காலையில் தலைவலி என்று இரண்டு தடவை கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போயிருந்தேன். எனக்கோ ராத்திரி ஒரு மணி வரை கட்டுரை எழுதுகிறேன் என்று பெயர். முக்கால்வாசி நேரம் கட்டை விரலால் போனைத் தள்ளிக்கொண்டிருப்பேன். பகலில் ஆபீசில் ஓய்வூதிய மனு ஒன்றுக்குக் கீழே 'அன்பு முத்தங்களுடன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மனுதாரருக்கு வயது எழுபத்தொன்று.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். அண்ணாச்சியின் பெரிய சட்டம் சாயங்காலத்துக்கு உரியது. வீடு வந்த நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டார். நம்மையும் எழுப்ப விடமாட்டார். "பைய, பைய" என்று கையைக் காட்டிவிட்டு, வண்டியை நகர்த்தி இன்னொரு ரவுண்டு போவார். பாளை மார்க்கெட், ஆற்றுப் பாலம், திரும்ப மார்க்கெட், திரும்ப நம் வீடு. அப்போதும் விழிக்கவில்லையென்றால் இன்னொரு ரவுண்டு. வாசலில் பால் டம்ளரோடு நிற்கிற தாய்மார்கள், தங்கள் பிள்ளை கண்ணெதிரே வந்து, நிற்காமல், ஊர்வலம் மாதிரிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பிள்ளைகள் விடுவார்களா? கூடுதல் ரவுண்டுக்கு ஆசைப்பட்டுப் பொய்த்தூக்கம் போட ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி அதற்கும் ஒரு பரிசோதனை வைத்திருந்தார். மார்க்கெட் பக்கம் ஓர் அல்வாக் கடை. சாயங்காலம் அங்கே சட்டியை இறக்குகிற நேரத்தில் நெய் வாசனை தெருவை அடைக்கும். அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியில் பின்னால் பார்ப்பார்.

"நெச ஒறக்கம்னா மூஞ்சி அசையாது. பொய் ஒறக்கம்னா தொண்டக்குழி ஏறி எறங்கும். ஏளா கயலு, கள்ளி, எந்திரி!"

கயல் மூன்று தடவை பிடிபட்டாள்.

வக்கீலின் மகள் நிலா மட்டும் ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. அந்தக் குழந்தைக்கு நடிக்க நேரமே இல்லை. வக்கீல் என்றால் எங்கள் காலனி வக்கீல். வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால்கூட வாய்தா கேட்கிறவர். நிலாவுக்கு நாலரைக்கு இந்தி, ஐந்தரைக்கு கீபோர்டு, ஆறரைக்கு அபாகஸ், அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். வண்டி ஆற்றுப் பாலம் ஏறினால் அவள் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சி அவளுக்காக மூன்று ரவுண்டு போனார். ஐந்தரை மணிக்குக் கண்ணைத் திறந்து, முகம் பளிச்சென்று, "டாட்டா மாமா" என்று இறங்கினாள். இந்தி டீச்சர் போய்விட்டார். கீபோர்டு மாஸ்டர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வக்கீல் ஆடித் தீர்த்தார்.

"இந்தக் கோட்டிக்காரப் பைத்தியத்தை நம்பிப் பிள்ளைய ஏத்தி விடுதோம். ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுதோம். ஆளை மாத்துதோம்!"

கூட்டம் என் வீட்டு மாடியில் என்றும், எழுத்து வேலை தெரிந்தவன் என்பதால் குற்றப்பத்திரிகையை நான் எழுத வேண்டும் என்றும் முடிவாயிற்று. பன்னிரண்டு வீடும் ஒன்றாக விலகினால் வண்டி நின்றுவிடும். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மூன்று பக்கம் எழுதினேன். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து, 'மேற்படி ஓட்டுநர் தம்மைத் தாலாட்டுபவராகக் கருதிக்கொள்வதால்' என்று ஒரு வரி எழுதி, அந்த வரியின் அழகில் நானே மயங்கி, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். என் மனைவி சாந்தி திரும்பிப் படுத்தபடி, "ஒருத்தர் சோத்துல மண்ணை அள்ளிப் போடுத வேலைய இம்புட்டு ராகம் போட்டா செய்யணும்?" என்றாள்.

ஞாயிறு மூன்று மணி. ஆனி மாதம். எல்லார் வீட்டிலும் மத்தியானம் கறிக்குழம்பு. என்னையும் சாந்தியையும் சேர்த்துப் பதினோரு பேர் கூடியிருந்தோம். அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, கையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஓரமாக நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை விரித்தேன்.

வக்கீல் கையை உயர்த்தினார். "இருங்க. இவரு ரவுண்டு போனாரு, ரவுண்டு போனாருன்னு வாயால சொன்னா பத்தாது. எந்த வழி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஸ்தல ஆய்வு செய்யாம தீர்ப்பு சொல்ல முடியாது. எல்லாரும் வண்டியில ஏறுங்க."

வக்கீலை வைத்துக் கூட்டம் போட்டால் இதுதான். பதினோரு பேரும் மாடியிலிருந்து இறங்கி, பிள்ளைகள் உட்கார்கிற சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். குற்றப்பத்திரிகை மடியில், நான் வக்கீலுக்குப் பக்கத்தில். தலையணை வழக்கம்போல முன்சீட்டில்.

"எந்த வழி சார் போகணும்?" என்றார் அண்ணாச்சி.

"எந்த வழியில போனா பிள்ளையளு நல்லாத் தூங்குமோ, அந்த வழி போம்!"

அவர் போனார். ஆற்றுப் பாலம், ஜங்ஷன், டவுன், பேட்டை, அதையும் தாண்டிச் சுத்தமல்லி சாலை. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்திருந்தது. அங்கே சாரல் விழுந்தால் இங்கே காற்றில் தெரியும். இரண்டு பக்கமும் வயல். ஜன்னல் வழியாக ஈரக்காற்று கறிக்குழம்பு வயிற்றின்மேல் பட்டது. வக்கீல் எழுந்து, "முதல் குற்றச்சாட்டு என்னன்னா..." என்று தொடங்கினார். 'என்னன்னா' என்ற இடத்திலேயே உட்கார்ந்தார். நான் தாளைப் பார்த்தேன். எழுத்துகள் எறும்பு மாதிரி வரிசையை விட்டு நகர்ந்தன. அண்ணாச்சி காலை எடுத்து வேகத்தைப் பைய குறைத்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது ஓர் ஆடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி வாய்க்கால் கரையில் மருதமர நிழலில் நின்றது. வெயில் சாய்ந்துவிட்டது. பதினோரு பேரும் பதினோரு திசையில் சரிந்து கிடந்தோம். வக்கீல் என் தோளில். அவர் கன்னத்துக்கும் என் தோளுக்கும் நடுவே குற்றப்பத்திரிகை. சாந்தி வாயைத் திறந்தபடி, பத்து வயது குறைந்த முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி மதகுக் கட்டையில் உட்கார்ந்து ஆட்டைச் சத்தமில்லாமல் விரட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி என்ன?" என்று அலறினார் வக்கீல்.

"அஞ்சே முக்கால்."

"ஏன்யா எழுப்பல?"

"ஒறங்குத ஆளை எழுப்புத பழக்கம் எனக்கு இல்ல சார். அப்படி என்ன அவசரம்? என்னைய வேண்டாம்னு சொல்லத்தான வந்திய? அதை முழிச்ச பொறவும் சொல்லலாம்லா?"

ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், யாருக்கும் கோபம் வரவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தோம், வைத்த இடத்தில் இல்லை. கடைசியில் வக்கீல், கேள்வி ஏதாவது கேட்டாக வேண்டுமே என்பதற்காக, முன்சீட்டைக் காட்டிக் கேட்டார்.

"அது இருக்கட்டும். அந்தத் தலகாணிக்கு எதுக்கு ஓய் சட்டை?"

அண்ணாச்சி மதகுக் கட்டையிலிருந்து எழுந்து வந்து வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டார்.

"முன்னால நான் லாரி ஓட்டினேன் சார். உப்பு லோடு. ஒரு தடவ மூணு நாளு சேந்தாப்புல ஒறக்கம் இல்ல. முதலாளி போ போன்னுட்டான், நானும் ஆம்பளல்லான்னு போயிட்டேன். நாங்குநேரிக்கு இங்கிட்டு, விடியுத நேரம். கண்ண மூடினது தெரியும். தெறந்தது தெரியாது. பாத்தா வண்டி ரோட்ட விட்டு எறங்கி ஒரு கத்தரித் தோட்டத்துக்குள்ள நிக்கி. முன்னால ஒரு ஆளு குப்புறக் கெடக்கான். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. நீலக்கோடு சட்ட."

சாந்தி என் கையைப் பிடித்தாள்.

"நான் அவன் காலடியில உக்காந்துட்டேன். தொட்டுப் பாக்கத் தைரியம் இல்ல. அரைமணி நேரம் இருக்கும். அழுதேன். ஏ ஐயா, ஒம் பிள்ளையளை நான் பாத்துக்கிடுதேன், எம் பிள்ளையளுக்கு முன்னால அதுகளுக்குத்தான் சோறுன்னு சத்தியம் பண்ணினேன். அப்பம் தோட்டக்காரன் வாரான். பாத்தான். 'எதுக்குவே வைக்கோலு பொம்மைக்கு ஒப்பாரி வைக்கீரு? எங் கத்தரிச்செடிக்கு வையும்'ங்கான்."

வண்டிக்குள் முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்து முடித்து, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திருஷ்டிப் பொம்மை சார். எஞ் சட்டையக் கழத்தி அதுக்குப் போட்டுட்டு, அது சட்டைய வாங்கிக்கிட்டு பனியனோட ஊருக்கு வந்தேன். லாரிய அன்னைக்கே விட்டுட்டேன். ஆனா அந்த அரைமணி நேரம் நான் கொலைகாரன்தான சார்? எனக்குப் பொம்மையா அமைஞ்சுது. எல்லாருக்கும் பொம்மையாவே அமையுமா?"

வக்கீல் என் தோளில் ஒட்டிக்கிடந்த குற்றப்பத்திரிகையைப் பிய்த்து எடுத்தார். அவருடைய எச்சில் பட்டு மூன்று பக்கமும் ஊதா மேகமாக இருந்தது. 'தாலாட்டுபவராக' என்ற என் அருமையான வரி அவர் கன்னத்தில் தலைகீழாகப் பதிந்திருந்தது. தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் சொல்கிற குரலிலேயே சொன்னார்.

"ஆவணம் சேதமாயிருக்கு. செல்லாது. வண்டிய எடும்."

மறுநாள் அண்ணாச்சி வழக்கம்போல் ஏழே காலுக்கு வந்தார். அந்த வாரமே நிலாவின் அபாகஸ் நின்றது. எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு என் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள் சாந்தி. ஒரு மாதத்தில் கயலின் தலைவலி போயிற்று. கண்ணாடிக்காரர் கொடுத்த கண்ணாடி இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. காலையில் ஒற்றைச் சாக்ஸைக் காணோம் என்று நான் வீடு அதிரக் கத்துவது நின்றுபோனது. சாக்ஸ் காணாமல் போவது நிற்கவில்லை. அரிசி டப்பாவில் மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு, எழுத்தாளனுக்கு ராத்திரிதான் ஓடும் என்று எனக்கு நானே விதிவிலக்கு வழங்கிக்கொண்டேன்.

கயல் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அண்ணாச்சி வேனைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டுகிறார், பகலில் மட்டும். முன்சீட்டில் அதே ஆள். சட்டையின் நீலம் வெளுத்து, கோடு எது துணி எது என்று தெரியவில்லை.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் காரில்தான் போனேன். வழியெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து என் பேச்சை ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு நடந்ததைத் தலைமையாசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் என்னை எழுப்பக் கையை நீட்டியபோது, அரங்கத்தின் கடைசியிலிருந்து அண்ணாச்சி விறுவிறுவென்று மேடைக்கு வந்தாராம். "எழுப்பாதீங்க டீச்சர். ராத்திரி பூரா முழிச்சிருக்காரு, பாவம். பைய ஒறங்கட்டும். அவரு சொல்லுத விஷயத்த நான் சொல்லுதேன்" என்று மைக்கைக் கையில் வாங்கி, அந்தக் கத்தரித் தோட்டத்தைச் சொன்னாராம். முந்நூறு பேர் இருந்த அரங்கத்தில் ஒரு நாற்காலி முனகவில்லையாம்.

"கூட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றார் தலைமையாசிரியை. "உங்களுக்கும் நன்றி."

காரில் ஏறியதும் கேட்டேன். "எழுப்பியிருக்கலாம்லா அண்ணாச்சி? மானம் போச்சே."

"வரும்போது வண்டியில பேசிக் காட்டினீருல்லா? அதக் கேட்ட பொறவும் எழுப்ப மனசு வருமா வே?"

பிறகு அவர் இதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தார். முன்சீட்டிலிருந்து தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தாரும். தலைக்கு வச்சுக்கிடும்."

வைத்துக்கொண்டேன். எத்தனையோ முறை துவைத்துத் துவைத்து மிருதுவாகிப்போன சட்டை. கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை, மேடையிலேயே தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருத் திருப்பம் வந்தது. கண்ணை மூடியிருந்தாலும் அந்தப் பள்ளத்தில் கார் இறங்கி ஏறுவது தெரியும். கார் என் வீட்டு வாசலில் மெதுவானது. நிற்கவில்லை. பைய நகர்ந்து, தெருமுனையில் திரும்பி, மறுபடி மார்க்கெட்டை நோக்கிப் போனது. ஐம்பது வயதில் என் தூக்கம் கலையக்கூடாது என்று ஊரைச் சுற்றுகிற மனிதர் ஒருவர் எனக்கு இருக்கிறார் என்று நினைத்தபோது, கண்ணைத் திறக்க மனம் வரவில்லை. மூச்சை நிதானமாக விட்டு, கயலைவிடத் திறமையாக நடித்தேன். அல்வா வாசனை வந்தது. கார் வேகம் குறைந்தது.

"தொண்டக்குழி ஏறி எறங்குது வே. எந்திரிச்சு உக்காரும். வீட்டுல விடுதேன்."